சைலேஜ் தின்ற ஆடு ஏன் சுற்றுகிறது? தீவனம் வழியே வரும் பாக்டீரியா நோய்கள்

பரண் முறையில் வெள்ளாடு வளர்க்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மூட்டையில் அடைத்து விற்கப்படும் மக்காச்சோள சைலேஜை வாங்கி ஊட்டத் தொடங்கி ஒரு மாதம் போல ஆனபின், இரண்டு ஆடுகள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒரே திசையில் சுற்றத் தொடங்கின. அவற்றில் ஒன்று இறந்துவிட்டது. ஒரு சினையாடு குட்டியை வீசிவிட்டது. விற்றவரிடம் கேட்டபோது, "சைலேஜ் புளித்த தீவனம், அந்தப் புளிப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது, குச்சித் தீவனம் நீராவியில் வெந்து வருவது, ஆகவே தீவனத்தால் நோய் வர வழியில்லை" என்றாராம். இது உண்மையா, மீதமுள்ள மூட்டைகளை வெயிலில் உலர்த்தியோ வேகவைத்தோ கொடுக்கலாமா என்பதே கேள்வி.

விற்றவர் சொன்ன இரண்டும் செய்முறை ஒழுங்காக நடந்து முடிந்த அந்த நேரம் வரைக்கும் சரி. புளிப்பு கிருமிகளை அடக்கும். நீராவி பெரும்பாலானவற்றைக் கொல்லும். ஆனால் தீவனத்தால் வந்த நோய்களின் மூலத்தைத் தேடிப் போனவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, புளித்தபின் அல்லது வெந்தபின் காற்றோ ஈரமோ எலியோ செத்த பிராணியோ உள்ளே புகுந்த ஓர் இடத்தைத்தான். உங்கள் ஆடுகளுக்கு வந்தது இன்னது என்று நேரில் பார்க்காமல் முடிவுகட்ட முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் குறிகள் லிஸ்டீரியா நோயையே முதலில் சந்தேகிக்க வைக்கின்றன. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா மண்ணிலும் சாணத்திலும் அழுகும் இலைதழையிலும் எங்கும் இருப்பது. குளிர்பதனப் பெட்டியின் குளிரில்கூடப் பெருகும். உப்பையும் உலர்வையும் ஓரளவு தாங்கும். அதற்கு ஆகாதது கடும் புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். நன்றாகப் புளித்த மக்காச்சோள சைலேஜின் பிஎச் அளவு 3.8 முதல் 4.2 வரை இருக்கும். அந்த நிலையில் லிஸ்டீரியா பெருக முடியாமல் நாளடைவில் செத்துப்போகும். பிஎச் 5-ஐத் தாண்டிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே கேட்க வேண்டியது, உங்கள் கையில் இருக்கும் மூட்டை முழுவதும், அதன் ஓரமும் மூலையும் உட்பட, இன்னும் புளிப்பாக இருக்கிறதா என்பதே.

சைலேஜ் புளிப்பது லாக்டிக் அமில பாக்டீரியாக்களால். நறுக்கிய பயிரை இறுக்கி அழுத்திக் காற்றுப் புகாமல் அடைத்தால், உள்ளே மிஞ்சிய பிராணவாயு முதல் நாளிலேயே தீர்ந்து, பயிரின் சர்க்கரை அமிலமாக மாறுகிறது. பிளாஸ்டிக் உறையில் எலி ஒரு துளை போட்டாலும், காக்கை கொத்தினாலும், வண்டியிலிருந்து இறக்கும்போது ஆணி கிழித்தாலும், அந்த இடத்தைச் சுற்றிக் காற்று புகுகிறது. காற்று கிடைத்ததும் ஈஸ்ட்டும் பூஞ்சையும் லாக்டிக் அமிலத்தையே தின்னத் தொடங்குகின்றன. அமிலம் தீரத் தீர பிஎச் ஏறுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த லிஸ்டீரியா அங்கே பெருகுகிறது. பெரிய குழியில் போட்ட சைலேஜைவிடச் சிறிய மூட்டையில் இந்த ஆபத்து கூடுதல். ஏனென்றால் எடையோடு ஒப்பிட்டால் மூட்டைக்கு வெளிப்பரப்பு அதிகம். இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவர் ஐம்பது கிலோ மூட்டையைத் திறந்துவைத்து வாரக்கணக்கில் அள்ளிப் போடும்போது, கடைசிப் பங்கு சைலேஜ் என்ற பெயரில் இருந்தாலும் அதன் பாதுகாப்பு எப்போதோ போய்விட்டது. கையை உள்ளே விட்டுப் பாருங்கள்: சூடாக இருந்தால், புளித்த வாசனைக்குப் பதில் மக்கிய வாசனை வந்தால், துளையைச் சுற்றி வெள்ளையாகவோ கறுப்பாகவோ கட்டி தட்டியிருந்தால், அந்த மூட்டையை ஆட்டிடம் கொண்டுபோகக் கூடாது. பூஞ்சையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடும் வழக்கம் பல பண்ணைகளில் உண்டு. பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு நாலு விரல் தள்ளி இருக்கும் லிஸ்டீரியா தெரியாது.

ஆட்டின் உடலில் இது போகும் வழி விசித்திரமானது. பல் முளைக்கும் அல்லது விழும் இடத்திலோ, கரடான தட்டை குத்திய இடத்திலோ வாயின் உட்தோலில் ஏற்படும் சிறு புண் வழியாக நுழைந்து, முகத்துக்குச் செல்லும் முக்கிளை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையின் அடித்தண்டு வரை ஏறிச் சென்று, அங்கே கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்து நரம்பு வழியாகவே ஏறுவதால், கேடும் ஒரு பக்கத்திலேயே தெரிகிறது. ஒரு காது தொங்கும், ஒரு கண் இமை மூடாது, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், அந்தப் பக்கக் கன்னத்தில் மென்ற இரை அப்படியே அடைந்து நிற்கும், எச்சில் வடியும், ஆடு ஒரே திசையில் சுற்றும் அல்லது சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். தொடக்கத்தில் காய்ச்சல் இருக்கும். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் குறி தெரிந்த ஓரிரு நாட்களில் சாவு வரலாம். மாடு சற்று அதிக நாள் தாங்கும். குறி தெரிந்த அன்றே கால்நடை மருத்துவர் அதிக அளவில் பெனிசிலின் போன்ற மருந்தைத் தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. படுத்துவிட்ட ஆட்டுக்கு எந்த ஊசியும் அநேகமாகப் பயன்படுவதில்லை.

சுற்றுகிற ஆடெல்லாம் லிஸ்டீரியா ஆடு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளர்ந்தாலும் ஆடு சுற்றும். ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல முற்றும், காய்ச்சல் இருக்காது, காதும் இமையும் தொங்குவது அரிது. திடீரென்று தானியத்தை அதிகமாகக் கொடுத்ததால் வரும் தயமின் குறைபாட்டில் கண் தெரியாமல் தலை பின்னோக்கி வளையும். வெறிநோயையும் மறக்கக் கூடாது. எச்சில் வடியும் ஆட்டின் வாய்க்குள் வெறுங்கையை விட்டு 'என்ன சிக்கியிருக்கிறது' என்று பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். கரு வீசியதற்கும் லிஸ்டீரியா ஒரு காரணமாகலாம், புருசெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவும் காரணமாகலாம். சுற்றுவதும் கரு வீசுவதும் ஒரே மந்தையில் ஒரே சமயத்தில் வருவது குறைவு என்பதால், உங்கள் பண்ணையில் இரண்டு நோய்கள் சேர்ந்திருக்கவும் இடமுண்டு. மருத்துவர் வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கையுறையோடு எடுத்து ஆய்வுக்கு அனுப்பச் சொன்னால், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

காலக்கணக்கு இதில் முக்கியம். கிருமி வாயில் நுழைந்து மூளையில் குறி காட்ட ஏறத்தாழ இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. ஆகவே நோய்க்குக் காரணமான மூட்டை பெரும்பாலும் தீர்ந்து, சாக்கும் எறியப்பட்டிருக்கும். இன்றைக்குத் திறந்திருக்கும் மூட்டையில் லிஸ்டீரியா இல்லை என்று ஆய்வகம் சொன்னால், அது போன மாதத்து மூட்டைக்கு நற்சான்று ஆகாது.

இதில் மனிதருக்கும் பங்கு உண்டு. 1981-இல் கனடாவின் கடலோர மாகாணங்களில் லிஸ்டீரியா நோய் 41 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும். தேடிப்போனபோது பச்சை முட்டைக்கோசு சாலட்டில் வந்து நின்றது. அந்தக் கோசு விளைந்த வயலுக்குச் செம்மறி எரு போடப்பட்டிருந்தது; அந்த மந்தையில் லிஸ்டீரியாவால் ஆடுகள் இறந்திருந்தன; அறுத்த கோசு நீண்டகாலம் குளிர்க்கிடங்கில் இருந்ததால் கிருமிக்குப் பெருக வசதியாகிவிட்டது. உங்கள் பண்ணை எருவைக் கீரைப் பாத்திக்குப் போடுகிறீர்கள் என்றால், மட்காத எருவை இந்த ஆண்டு போட வேண்டாம். பாலைக் காய்ச்சாமல் யாரும், குறிப்பாகக் கர்ப்பிணிகள், குடிக்கக் கூடாது.

இனி, வெந்து வரும் குச்சித் தீவனம் பற்றிய வாதத்துக்கு வருவோம். இங்கே முக்கியமான கிருமி சால்மோனெல்லா. அதில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. உலர்ந்த தீவனத்தில் அது பெருகாது, ஆனால் சாவதும் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உலர்ந்த நிலையில் அதற்கு வெப்பத்தைத் தாங்கும் திறன்கூடக் கூடிவிடுகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. ஆலையில் மாவுத் தீவனத்துக்குள் நீராவியைச் செலுத்தி 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது, ஈரமும் சூடும் சேர்ந்து சால்மோனெல்லாவைக் கொல்கின்றன. அதன்பின் அச்சு வழியாகக் குச்சியாக வெளிவரும் தீவனத்தைக் குளிர்விக்க வேண்டும். குளிர்விக்கும் கலத்துக்குள் வெளிக்காற்று இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றோடு ஆலையின் தூசியும் வருகிறது. சூடான குச்சியிலிருந்து கிளம்பும் ஆவி கலத்தின் மேற்சுவரில் நீர்த்துளியாகப் படிகிறது. தூசியும் ஈரமும் வெதுவெதுப்பும் ஒன்றுசேர்ந்த அந்தப் படிவில் சால்மோனெல்லா செழிக்கிறது. அது உதிர்ந்து விழுவது, கிருமி நீங்கி வெந்து வந்த தீவனத்தின் மேல். மேலே போட்டி போட வேறு பாக்டீரியாவும் மிச்சமில்லை.

இதற்கு மீன்தூளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மீனை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைப்பதுதான் மீன்தூள். அதாவது ஒருமுறை முழுக்க வெந்த பொருள். 1970 வாக்கில் பெரு நாட்டிலிருந்து மீன்தூள் பெருமளவில் ஏற்றுமதியாகிக் கோழித்தீவனத்தில் கலக்கப்பட்டது. அதுவரை அபூர்வமாக இருந்த சால்மோனெல்லா அகோனா என்ற வகை, அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இஸ்ரேலிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மனிதரின் மலப் பரிசோதனைகளில் தலைகாட்டியது. 1972-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தின் பாராகூல்ட் என்ற சிற்றூரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோயைப் பின்தொடர்ந்தபோது, அது மிசிசிப்பியில் உள்ள கோழிப்பண்ணைக்கும், அங்கிருந்து பெருவின் மீன்தூளுக்கும் கொண்டுபோனது. கோழிகளில் பெரும்பாலானவை நோயே காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். தீவனத்தில் வரும் சால்மோனெல்லா பல சமயம் பண்ணையாளருக்கு நட்டம் எதையும் காட்டாமல், குடலில் குடியேறி, இறைச்சியிலும் முட்டையிலும் வெளியேறிவிடும். பண்ணையில் பெருஞ்சாவை உண்டாக்குவது பெரும்பாலும் இளங்கன்றுகளிலும் குஞ்சுகளிலும்தான்.

இதை ஒரு நாடு எப்படிக் கையாண்டது என்பதற்கு ஸ்வீடனைச் சொல்லலாம். 1953-இல் அல்வெஸ்தா என்ற ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்று, 90 பேர் வரை இறந்தனர். அதன்பின் எழுந்த கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தீவனமும் சேர்ந்தது. அங்கே கோழித்தீவனம் குறைந்தது 75 டிகிரி வரை சூடாக்கப்பட வேண்டும் என்பது விதி. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் மாதிரி எடுக்கும் முறை: மூட்டையில் அடைத்த தீவனத்தை மட்டும் நம்பியிராமல், மூலப்பொருள் கொட்டும் குழியிலும் தூசி உறிஞ்சியிலும் குளிர்விப்பானின் மேற்பகுதியிலும் படிந்திருப்பதைச் சுரண்டி வாரந்தோறும் சோதிக்கிறார்கள். கிருமி எங்கே ஒளியும் என்று தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது. அப்படியும் 2003-இல் ஒரு தீவன ஆலையிலிருந்து சால்மோனெல்லா கியூபானா பரவி, சந்தேகத் தீவனம் போன 77 பன்றிப் பண்ணைகளில் 49-இல் காணப்பட்டது.

முடிந்த பொருளைச் சோதித்து 'சால்மோனெல்லா இல்லை' என்று தரும் சான்றிதழுக்கு ஏன் அவ்வளவு மதிப்பில்லை என்பதற்கு ஒரு கணக்கு போதும். வழக்கமாகச் சோதிக்கும் மாதிரி 25 கிராம். பத்து டன் தீவனத்தில் அப்படி 4,00,000 மாதிரிகள் அடங்கும். கிருமி தீவனத்தில் சீராகக் கலந்திருப்பதில்லை. அங்கங்கே கொத்துக்கொத்தாக இருக்கும். சில மாதிரிகளில் அது சிக்காமல் போவது இயல்பே. பார்மிக் அமிலம், புரோபியோனிக் அமிலம் தெளித்த தீவனத்தில் கிருமி உயிரோடு இருந்தும் ஆய்வகத் தட்டில் முளைக்காமல் ஏமாற்றுவதும் உண்டு.

நாமக்கல் பகுதிக் கோழிப்பண்ணையாளர்களுக்குக் கருவாடும் மீன்தூளும் புதியவை அல்ல. கடற்கரை மணலில் நாயும் காக்கையும் நடமாடும் இடத்தில் உலர்த்திய கருவாட்டை அரைத்துக் கலப்பவர், நீராவி போடாத மாவுத் தீவனமாகவே அதைக் கொடுக்கிறார் என்றால், கிருமிக்கு ஒரு தடையும் இல்லை. கிடங்கில் எலிப்புழுக்கையும் பல்லி எச்சமும் விழுவதை அற்பமாக நினைக்க வேண்டாம்; இரண்டும் சால்மோனெல்லாவைச் சுமப்பவை.

இதுவரை சொன்னவற்றில் உயிருள்ள கிருமி தீவனத்தோடு உள்ளே போகிறது. தசைகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோயில் கதை வேறு: கிருமி ஏற்கெனவே தீவனத்தில் நஞ்சை உண்டாக்கி வைத்துவிடுகிறது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் காற்றில்லாத, அழுகும் மாமிசத்தில் வளர்வது. 1998-இன் முன்வசந்தத்தில் கலிபோர்னியாவின் ஒரு பால்பண்ணையில், ஒரே கலப்புத் தீவனத்தைத் தின்ற 441 வளர்ந்த மாடுகளில் 427 ஒரு வாரத்துக்குள் இறந்தன. வேறு தீவனம் தின்ற கன்றுகளுக்கும் வற்றுக் கறவைகளுக்கும் ஒன்றுமில்லை. கலப்பு எந்திரத்தில் அரைபட்டுப்போன தீவனத்தில் ஒரு செத்த பூனையின் எலும்புகள் கிடைத்தன. அந்தப் பூனையின் எச்சத்திலும் மாட்டின் வயிற்றிலும் சி வகை நஞ்சு இருந்தது. அத்தனை மாடுகளுக்கும் ஒரு பூனை போதுமானதாக இருந்தது. முன்பெல்லாம் வைக்கோல் கட்டில் ஒரு பாம்போ எலியோ செத்துக் கிடந்தால் ஒன்றிரண்டு மாடு சாகும். பெரிய கலப்பு எந்திரம் அதே நஞ்சைத் தொழுவம் முழுக்கப் பங்கிட்டுவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் நூறாண்டுகளுக்கு முன் கால்நடை மருத்துவர் அர்னால்ட் தைலர் ஆராய்ந்த மாட்டு முடக்கமும் இதே நோய்தான். பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் எலும்பு கடிக்கும் வெறி கொண்டு, செத்த பிராணிகளின் எலும்பைத் தேடித் தின்றன; அதில் ஒட்டியிருந்த அழுகல் நஞ்சாகியது. எலும்பைக் கடிக்கும் மாட்டைப் பார்த்தால் தாது உப்புக் கலவை கொடுங்கள் என்று நம் மருத்துவர்கள் சொல்வதன் பின்னணி இதுவே. நஞ்சுக்குக் காய்ச்சல் வராது. பின்னங்காலில் தொடங்கும் தளர்ச்சி, தொங்கும் நாக்கு, விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோதல் என்று போகும். இதில் கிருமிக்கொல்லி மருந்துக்கு வேலையில்லை.

மூன்றாவது வகையில் தீவனத்தில் கிருமியே இருக்காது. கோடை முடிந்து முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை ஆவலாக மேய்ந்த கொழுத்த குட்டி, மறுநாள் காலையில் துள்ளி விழுந்து சாகும் துள்ளுமாரி நோயில், குட்டியின் குடலில் முன்பே இருந்த கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்ஜென்ஸ் டி வகை திடீர் விருந்தில் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. இதற்கு மழைக்கு முன் தடுப்பூசி போடுவதே வழி. இராணிப்பேட்டை நிலையத்தில் இதற்கான மருந்து நெடுங்காலமாகத் தயாராகிறது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்று மாடு சாவதையும் 'கெட்டுப்போன சோறு, கிருமி' என்றே ஊரில் பேசுகிறார்கள். சோறு அன்று வடித்ததாக இருந்தாலும் அதே கதிதான்: மாவுச்சத்து மொத்தமாக வந்து விழ, முதல் வயிற்றின் பாக்டீரியாக்கள் அதை லாக்டிக் அமிலமாக்கி மாட்டையே புளிக்க வைத்துவிடுகின்றன.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சந்தேகத்துக்குரிய சைலேஜை வெயிலில் உலர்த்துவதால் லிஸ்டீரியா முழுவதும் ஒழியும் என்று நம்ப முடியாது. வேகவைத்தால் லிஸ்டீரியா சாகும், பாட்டுலினம் நஞ்சும் சிதையும். ஆனால் பாட்டுலினத்தின் வித்துகள் கொதிநீரைத் தாங்கிப் பிழைக்கும், பூஞ்சையின் நஞ்சான அப்ளாடாக்சினும் போகாது. விறகுக்கும் வேலைக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் அந்த மூட்டையைக் கொட்டிவிடுவதே மலிவு. துளையில்லாத, இறுக்கமான, புளித்த மணம் மாறாத மூட்டைகளை எறிய வேண்டாம். கடையில் கிடைக்கும் பிஎச் தாளை, சைலேஜைப் பிழிந்த சாற்றில் நனைத்துப் பாருங்கள்; நடுவிலும் ஓரத்திலுமாக இரண்டு மூன்று இடத்தில் பார்த்து, எங்கும் 4.5-க்குக் கீழே இருந்தால், சினையாடுகளை விலக்கி மற்றவற்றுக்குக் கொடுக்கலாம். திறந்த மூட்டையை மூன்று நாளுக்குள் முடிக்க முடியாதவர் சிறிய மூட்டையாக வாங்குவது நல்லது. தொட்டியில் முதல்நாள் மிச்சத்தின் மேல் புதியதைப் போடக் கூடாது.

இன்னொரு ஆடு இறந்தால், திடீர்ச்சாவாக இருந்து மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த இரத்தம் வந்திருந்தால், அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அதை யாரும் அறுக்கக் கூடாது. அப்படி இல்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கொண்டு பிணப்பரிசோதனை செய்து, மூளையின் அடித்தண்டோடு ஒரு பாதியைப் பார்மலினிலும் மறுபாதியைப் பனிக்கட்டியிலும் அனுப்பச் சொல்லுங்கள். வெறும் ஈரலையும் குடலையும் அனுப்பினால் இந்த நோய் அகப்படாது. தீவன மாதிரியைத் துளையின் அருகிலிருந்து தனியாகவும் நடுவிலிருந்து தனியாகவும் எடுத்து, தனித்தனிப் பையில், குளிரில் வைத்து அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. என்ன சோதனை வேண்டும் என்பதை மருத்துவரின் குறிப்போடு சொல்லி அனுப்புவது முக்கியம், ஏனென்றால் வழக்கமான தீவனப் பரிசோதனை புரதம், நார்ச்சத்து, ஈரம், பூஞ்சை நஞ்சு என்பதோடு நின்றுவிடலாம். இனி வாங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, வாங்கிய நாளையும் திறந்த நாளையும் தொகுதி எண்ணையும் எழுதி, உறைபெட்டியில் இரண்டு மாதம் வைத்திருங்கள். விற்றவரோடு பேச வேண்டி வந்தால் உங்கள் கையில் இருக்கப்போகும் ஆதாரம் அது ஒன்றுதான்.